நீலி கேட்டாள், சபை என்ன சொன்னது?

பாரதக் கூத்துப் பருவம் இது. சுற்று வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊரெல்லாம் மத்தளச் சத்தம். இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி மேடையில் அழுத பெண்களைப் பற்றித்தான். ரொம்ப நல்லது. நேரே கேள்விக்குப் போவோம்.

மளிகைக் கடைக்காரர், திருவாலங்காடு: யாராவது பொய்யாக அழுதால் ‘நீலிக் கண்ணீர்’ என்கிறார்கள். பழையனூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். நீலி அழுதது பொய்தானா?

கண்ணீர் நிஜம். கதையைத்தான் யாரும் முதலிலிருந்து சொல்வதில்லை.

முதலில் நடந்தது ஒரு கொலை. போன பிறவியில் அவளைக் கட்டிய புருஷனே அவளைக் கொன்றான். மறுபிறவியில் அவன் வணிகன். பேய் அண்டாமல் இருக்கக் கையில் ஒரு மந்திரக் கத்தி. நீலி கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். பழையனூர் வேளாளர் எழுபது பேர் கூடிய சபையில் நின்று, “இவர் என் வீட்டுக்காரர், என்னைக் கைவிட்டுப் போகிறார்” என்று அழுதாள். அவன் “ஐயோ, இவள் பேய்” என்று அலறினான். சபை குழந்தையைப் பார்த்தது. “கத்தியைக் கொடுத்துவிட்டு இவளோடு தங்கு, உன் உயிருக்கு எங்கள் உயிர் ஜாமீன்” என்றது. விடிந்தபோது அவன் பிணம்.

இப்போது சொல்லுங்கள், அவள் சொன்னதில் பொய் எது? புருஷன் என்றாள். புருஷன்தான். கைவிட்டான் என்றாள். கையாலேயே கொன்றவன். பொய் அந்தக் கட்டைக் குழந்தை ஒன்றுதான். வெறுங்கையோடு வந்து நியாயம் கேட்டால் சபை காது கொடுக்காது, இடுப்பில் பிள்ளை இருந்தால் கொடுக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்தக் கதையைத் தொட்டுக் காட்டுகிறார். ஆயிரத்து முந்நூறு வருஷமாக அவள் மேல் வழக்கு நடக்கிறது. கொன்றவன் மேல் ஒரு எஃப்.ஐ.ஆர். கிடையாது.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: எழுபது பேரும் தீயில் இறங்கினார்களே, அது தியாகம் இல்லையா?

பெரிய தியாகம். சேக்கிழார் தொண்டை நாட்டின் பெருமை பேசும்போது அவர்களையும் சேர்த்துத்தான் பேசுகிறார். வணிகனுக்குக் கொடுத்த வாக்குக்கு எழுபது உயிர் போயிற்று. அவளுடைய முதல் சாவுக்கு ஒரு ‘அடடா’கூட விழவில்லை.

பக்தர், கனகம்மாசத்திரம்: ஆலங்காட்டுக்குப் பேயோடு என்ன இவ்வளவு நெருக்கம்?

ஒன்றல்ல, இரண்டு பேய். காரைக்கால் புனிதவதியைக் கண்டு பயந்து அவள் புருஷன் ஊரைவிட்டே போனான். வேறு ஊரில் வேறு கல்யாணம் செய்தான். பிறந்த மகளுக்கு இவள் பெயரையே வைத்தான். இவள் தன் அழகை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கி, தலையாலே நடந்து ஆலங்காடு வந்தாள். அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, இவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள்.

நீலிக்கும் புருஷன்தான் பிரச்சினை. புருஷனை விட்டுவிட்ட பேயைக் கும்பிடுகிறோம். விடாத பேயைத் திட்டுகிறோம்.

நாட்டிய மாணவி, திருவள்ளூர்: அங்கே நடந்த நடனப் போட்டியில் காளி தோற்றது நியாயமா?

காதிலிருந்து விழுந்த தோட்டைக் கால்விரலால் எடுத்து, காலைத் தலைக்கு மேல் தூக்கிக் காதில் மாட்டினார் சிவன். காளிக்கும் அது முடியும். சபைக்கு நடுவே ஒரு பெண் அப்படிக் காலைத் தூக்குவதா என்று கூச்சப்பட்டு நின்றாள். ஆட்டத்தில் அவள் தோற்கவில்லை, சபை நாகரிகத்தில் தோற்றாள். ஆலங்காட்டில் முதலில் காளியைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஐயனிடம் போக வேண்டும் என்பது வழக்கம். போட்டி முடிவை ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ் முதுகலை மாணவர், அரக்கோணம்: நீலிக்கு நல்ல பெயர் வாங்கித் தந்த நூல் ஒன்றாவது உண்டா?

‘நீலகேசி’ இருக்கும்போது ஏன் கவலை? சமணர் எழுதியது. அதிலும் பழையனூர் நீலிதான். ஒரு முனிவரைப் பயமுறுத்தப் போனவள் அவர் அறம் கேட்டு மனம் மாறுகிறாள். அதற்குப் பிறகு பாருங்கள்: பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று வரிசையாக உட்கார வைத்து வாதத்தில் மடக்குகிறாள். பத்துச் சருக்கமும் அவள் ராஜ்ஜியம்.

அவளிடம் தோற்றவர்களில் குண்டலகேசியும் ஒருத்தி. மலையுச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளிவிடப் பார்த்த புருஷனை, சுற்றி வந்து கும்பிடுவதாகச் சொல்லிப் பின்னாலிருந்து தள்ளிவிட்டவள். அவள் பெயரில் இருந்த காப்பியத்தில் இன்றைக்கு மிஞ்சியது 19 பாட்டு. நீலகேசி முழுசாக இருக்கிறது, 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார். ஊரில் எத்தனை பேர் படித்தார்கள்? அழுத நீலியைத் தெரிந்த அளவுக்கு வாதாடிய நீலியைத் தெரியவில்லை.

நெசவாளர், பொதட்டூர்பேட்டை: துகிலுரியும் கூத்தில் வருகிற சேலை எத்தனை கெஜம் இருக்கும்?

தறிக்காரர் கேட்கலாம், குற்றமில்லை. கூத்தில் பல சேலைகளை முடிந்து ஒன்றாக்கிக் கட்டுவார்கள். ஊரின் வசதிக்குத் தக்க நீளம்.

ஆனால் சேலைக்கு முன்னால், சூதில் தன்னை வைத்துத் தோற்ற புருஷனைப் பற்றித் திரௌபதி கேட்ட ஒரு கேள்வி இருக்கிறது. “அவர் முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? தன்னைத் தோற்று அடிமையான பிறகு என்னைப் பணயம் வைக்க அவருக்கு ஏது உரிமை?” முடியைப் பிடித்து இழுத்து வரப்பட்டவள், ஒற்றைத் துணியோடு நின்று கேட்டது இது. அந்தச் சபையில் இவ்வளவு தெளிவாக வேறு யாரும் பேசவில்லை. பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்று நழுவினார். துரோணர் வாயே திறக்கவில்லை. திருதராட்டிரன் பிள்ளைகளில் விகர்ணன் ஒருவன் எழுந்து ‘அவள் கேட்பது சரி’ என்றான். கர்ணன் அவனைச் சின்னப் பையன் என்று அதட்டி உட்கார வைத்தான்.

கடைசியில் திருதராட்டிரன் பயந்துபோய் வரம் தந்தான். இரண்டு கேட்டாள், இரண்டும் புருஷன்மார் விடுதலைக்கு. மூன்றாவதை வேண்டாம் என்றாள். வரம் வந்தது, பதில் வரவில்லை. அந்த மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

பேருந்து நடத்துநர், திருத்தணி: துச்சாதன வேஷம் கட்டுகிறவருக்குச் சாபம் வராதா?

அவருக்கும் அந்தப் பயம் உண்டு. பல ஊர்களில் பார்க்கலாம்: புஜக்கட்டையும் மார்க்கட்டையும் கட்டி உறுமிக்கொண்டு வந்தவர் சட்டென்று நிற்பார். கிரீடம் ஆடாமல் குனிந்து, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகுதான் முந்தானையில் கை வைப்பார். முன்வரிசைப் பெண்கள் எழுந்து கும்பிடுவார்கள். வேஷக்காரருக்கு அப்படி. வேஷம் கட்டாத துச்சாதனன்கள் கற்பூரம் வாங்குவதில்லை.

கல்லூரி மாணவி, அரக்கோணம்: திரௌபதியாக ஏன் ஆணே ஆடுகிறார்? பெண் வேஷத்துக்குப் பெண் கிடைக்கவில்லையா?

கிடைக்காமல் என்ன! விடவில்லை. பழைய ஏதென்ஸ் நாடகத்திலும் ஆண்தான். லண்டனில் 1660 டிசம்பர் 8 அன்று டெஸ்டிமோனாவாக ஒரு பெண் மேடை ஏறினாள். அதுவரை அந்த ஊர்த் தொழில்முறை மேடையில் பையன்கள்தான் பெண்கள். சென்னையில் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் பம்மல் சம்பந்த முதலியாருக்கு ஜோடி ரங்கவடிவேலு. பாய்ஸ் கம்பெனிகளில் மீசை முளைக்காத பிள்ளைகளுக்கு ஸ்திரீபார்ட்.

கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டும் வைத்தே கம்பெனி நடத்தியிருக்கிறார். ரேணிகுண்டா தாண்டிக் கடப்பைப் பக்கம் போனால் சுரபி. 1885இல் தொடங்கிய குடும்ப நாடகக் குழு. குடும்பமே நடிப்பதால் பெண்ணும் நடித்தாள். கிருஷ்ணன் வேஷமும் அவளே கட்டினாள். கூத்திலும் கதவு திறந்தது: காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ருயினும் 2002இல் நடத்தத் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகள் கட்டை வேஷமே கட்டினார்கள். துரியோதனன் கிரீடத்தின் கனம் பெண் தலைக்குத் தாங்காது என்றவர்கள், தண்ணீர்க் குடம் எந்தத் தலையில் வந்தது என்று யோசிக்கவில்லை.

ஆணாடும் திரௌபதியை நான் குறை சொல்லவில்லை, அம்மா. அந்த வாத்தியார்கள் விடிய விடிய அவளுக்குக் குரல் கொடுத்ததால்தான் அவள் கேள்வி நம் காதுவரை வந்தது. அடுத்த குரல் உன்னுடையதாக இருக்கட்டும் என்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், சோளிங்கர்: கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் பெண்கள் நம்மவர்களைவிடத் தைரியசாலிகள் அல்லவா, சார்?

சிலர் தைரியசாலிகள்தான், சார். மீடியாவை யாரும் அடக்க முடியவில்லை. ஆன்டிகனி மாமாவின் சட்டத்தை எதிர்த்துப் பேசினாள். பேசியவளை உயிரோடு குகையில் வைத்து மூடினார்கள். அதே நாடகத்தில் யூரிடைசியைப் பாருங்கள். மகன் செத்த சேதி கேட்டாள், ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள், தன்னைக் குத்திக்கொண்டாள். சோபாக்கிளீசின் இன்னொரு நாடகத்தில் டேயனைரா மகன் ஏசியதைக் கேட்டு, அவளும் பேசாமல் உள்ளே. கி.மு. 438இல் யூரிப்பிடீஸ் எழுதிய நாடகத்தில் அல்செஸ்டிஸ் புருஷனுக்குப் பதிலாகத் தன் உயிரைக் கொடுக்கிறாள். மீட்டுக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மூன்று நாள் அவள் பேசக் கூடாது என்று விதி. நாடகம் அதற்குள் முடிந்துவிடுகிறது.

அங்கே பெண் பேசாமல் உள்ளே போகிறாள். இங்கே பேசிக்கொண்டே வெளியே வருகிறாள்: கண்ணகி அரசவைக்கு, திரௌபதி சூது மண்டபத்துக்கு, நீலி பஞ்சாயத்துக்கு. வாயடைத்துப் போகிறவர்கள் பதில் சொல்ல வேண்டிய ஆம்பிளைகள்தான். நம் துன்பியலை நான் இப்படித்தான் படிக்கிறேன்.

அவரே: அரிஸ்டாட்டில் என்ன சொன்னார்?

நாடகப் பெண் பாத்திரத்துக்கு வீரமும் கெட்டிக்காரத்தனமும் பொருந்தாது என்றார். நம் திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் தங்கியிருந்தால் மாற்றி எழுதியிருப்பார்.

துணி வியாபாரி, நகரி: எனக்குத் தெலுங்கு, மனைவிக்குத் தமிழ். எந்தப் பாஷையில் சண்டை போடுவது?

பாக்கியசாலி. சமஸ்கிருத நாடகத்தில் ராஜா சமஸ்கிருதம் பேசுவார், ராணி பிராகிருதம் பேச வேண்டும். ஒரே அரண்மனை, ஒரே கட்டில், பாஷை மட்டும் இரண்டு தரம். சகுந்தலை வயிற்றுப் பிள்ளையோடு சபையில் நின்று தன்னை மறந்த துஷ்யந்தனிடம் மன்றாடியதும் பிராகிருதத்தில்தான். அவள் சொல்லை நம்பாதவன், மீன் வயிற்றிலிருந்து வந்த மோதிரத்தை நம்பினான். உங்கள் வீட்டில் அவர் பேசுகிற பாஷையில் நீங்கள் பதில் சொல்லப் பழகுங்கள், சண்டை பாதியாகும்.

பட்டிமன்றப் பேச்சாளர், திருத்தணி: கண்ணகி பேசி ஜெயித்தாளே. அவளையும் ‘அடக்கப்பட்டவள்’ பட்டியலில் சேர்ப்பீர்களா?

புகார்க் காண்டம் முழுக்க அவள் பேசியதைக் கூட்டினால் ஒரு கைப்பிடி. புருஷன் மாதவி வீட்டில் இருந்த காலமெல்லாம் மௌனம். அவன் வெட்டுண்ட பிறகுதான் வாய் திறந்தது. திறந்த வேகத்தில் பாண்டியன் உயிரே போயிற்று. பெண் பேச ஒரு சாவு தேவைப்பட்டது என்பதுதான் என் வருத்தம்.

மாதவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அவள் எழுதிய முதல் கடிதத்தைக் கோவலன் வாங்கவே இல்லை. இரண்டாவது கடிதம் மதுரை வழியில் கோசிகன் கையில் வந்தது. படித்தான், ‘தவறு அவளுடையது அல்ல, என்னுடையது’ என்று தெளிந்தான். சரி, பதில் எழுதினானா? அந்த வாசகம் தன் பெற்றோரிடம் தான் மன்னிப்புக் கேட்கவும் பொருந்துகிறது என்று அதே ஓலையை அவர்களுக்கு அனுப்பிவிட்டான். கடிதம் எழுதியவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

அவரே: மெரினா கண்ணகி சிலை?

1968இல் வைத்தார்கள். 2001 டிசம்பரில் எடுத்தார்கள். 2006 ஜூனில் திரும்ப வைத்தார்கள். சிலையின் கையில் இருக்கிற சிலம்பு ஆதாரம். அதைப் பார்த்து யாருக்கோ உறுத்தியிருக்கிறது.

திரைப்பட ரசிகர், புத்தூர்: எல்லை தாண்டி உங்களுக்கு நாங்கள் கொடுத்த நல்ல விஷயம் ஒன்று சொல்லுங்கள்.

பி. கண்ணாம்பா! 1936இல் தெலுங்கில் துகிலுரியப்பட்ட திரௌபதி அவர். 1942இல் தமிழில் கண்ணகி, வசனம் இளங்கோவன். 1954இல் ‘மனோகரா’வில் பத்மாவதி: பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், வசனம் மு. கருணாநிதி. மகனையும் பொறுமை என்ற சங்கிலியில் கட்டிவைத்த தாய், கடைசியில் அதை அவிழ்த்துவிடுகிற கட்டத்தில் கொட்டகை அதிர்ந்தது.

தமிழ்ப் பெண்ணின் கோபம் எப்படிப் பேசும் என்று நமக்குக் காட்டியவரின் தாய்மொழி தெலுங்கு. எல்லைக்காக ம.பொ.சி. போராடினார், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மண்ணுக்குக் கோடு போடலாம். அந்தக் குரலில் எந்தப் பக்கம் யாருடையது என்று எந்தக் கமிஷனும் சொல்ல முடியாது.

இல்லத்தரசி, திருத்தணி: வள்ளி திருமண நாடகத்தில் வள்ளி நாரதரோடு மணிக்கணக்கில் தர்க்கம் செய்கிறாள். தெய்வானைக்கு ஏன் வசனமே இல்லை?

நல்ல இடத்தில் தொட்டீர்கள், அம்மா. சங்கரதாஸ் சுவாமிகள் வள்ளிக்கு வாரி வழங்கினார். மூத்தவள் என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்டு எழுதவில்லை.

நம் மலைக்கோயில் யானையைப் பார்த்திருப்பீர்கள். மகளோடு சீதனமாக இந்திரன் அனுப்பிய ஐராவதம். அது சன்னதியைப் பார்க்காமல் வெளியே பார்த்து நிற்கிறது. யானை போனதால் இந்திரன் செல்வம் குறைந்தது, அதனால் அவன் உலகத்தைப் பார்த்து நிற்க முருகன் அனுமதி தந்தார் என்பார்கள். பிறந்த வீட்டைத் திரும்பிப் பார்க்க யானைக்கு வரம் கிடைத்தது. தெய்வானை கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கிற வசனத்தைத்தான் எவரும் எழுதவில்லை.

நூறு நாள் வேலைக்காரர், பள்ளிப்பட்டு: நல்லதங்காள் நாடகம் பார்த்து எங்கள் ஆயா விடிய விடிய அழும். அதில் தப்பு யார் மேல்?

பஞ்சத்தின் மேல். நாடகம் மட்டும் பழியை அண்ணி மேல் போட்டது. மூளி அலங்காரி என்று பெயரிலேயே வசவை வைத்துவிட்டார்கள். பசித்த ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவள் ஒருத்தி, அவளை விரட்டியவள் ஒருத்தி. இரண்டு பெண்கள் மேல் வெளிச்சம் அடித்துவிட்டு, சீமை வறண்டபோது களஞ்சியத்தைத் திறக்காதவர்களை இருட்டில் விட்டுவிட்டார்கள். வத்திராயிருப்புப் பக்கம் அவளுக்குக் கோயில் இருக்கிறது. உங்கள் ஆயா அழுதது சரியான அழுகை.

இளைஞர், ஆர்.கே. பேட்டை: மேடையில் பெண் கேள்வி கேட்டால் என்ன ஆகிவிடும்?

மணிப்பூரைக் கேள், தம்பி. மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ கதையை 2000இல் கன்னையலால் நாடகமாக்கினார். சாவித்ரி என்ற மூத்த நடிகை கடைசிக் காட்சியில் தன் உடையைத் தானே களைந்து ராணுவ அதிகாரி முன்னால் நின்றார். ஊர் ஏசியது. நாலு வருஷம் கழித்து, மனோரமா என்ற பெண் கொல்லப்பட்டபோது, 2004 ஜூலை 15 அன்று பன்னிரண்டு தாய்மார்கள், துணைராணுவம் இருந்த இம்பால் காங்லா கோட்டை வாசலில் அப்படியே நின்றார்கள். அந்த வருஷ நவம்பரில் துணைராணுவம் கோட்டையைக் காலி செய்தது. ஏசியவர்கள் அதற்குப் பிறகு பேசவில்லை.

பெயர் வேண்டாம் என்பவர், திருத்தணி: பழைய கதைகளைக் கிளறிக் குடும்பத்தில் குழப்பம் உண்டாக்குகிறீர்கள்.

கேள்வி கேட்டாலே குலையும் குடும்பம், கேள்விக்கு முன்னாலேயே குலைந்துவிட்டது.

பொன்னுருவியின் ரசிகர், திருவாலங்காடு: கர்ண மோட்சத்தை ஏன் சாவு வீட்டில் வைக்கிறார்கள்?

செத்தவர் கர்ணனைப் போல நல்ல கதிக்குப் போகட்டும் என்று. எனக்குப் பிடித்தது வேறு. தேரோட்டி வீட்டுப் பிள்ளை என்று புருஷனை இளப்பமாகப் பார்த்த பொன்னுருவி, அவன் போர்க்களம் கிளம்பும்போது யாரென்று அறிந்து கதறுகிறாள். தாலி இழந்த வீட்டுப் பெண்கள் அந்த இடத்தில்தான் வாய்விட்டு அழுவார்கள். அதுவரை அவர்களை ‘அழாதே, அழாதே’ என்று அடக்கியவர்கள், கூத்து நடக்கையில் அடக்குவதில்லை.

தந்தை, திருத்தணி: பகடை துகில் கூத்துக்குப் பத்து வயது மகளைக் கூட்டிப் போகலாமா? பயந்துவிடுவாளா?

தாராளமாகப் போங்கள். பாயும் போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள், பெண்கள் பக்கம் முன்னால் இடம் பிடியுங்கள். நடுராத்திரியில் தூங்கிவிட்டால், திரௌபதி சபைக்கு வந்து கேள்வி கேட்கும்போது எழுப்பிவிடுங்கள். சேலை இழுக்கும் கட்டத்துக்கு எழுப்ப வேண்டாம், மத்தளமே எழுப்பிவிடும். பீஷ்மரைக் காட்டி, “அந்தத் தாத்தா ஏன்பா பதில் சொல்லல?” என்று கண்டிப்பாகக் கேட்பாள். பதிலை வீட்டிலேயே யோசித்துக்கொண்டு போங்கள். அதை எனக்கு எழுதிக் கேட்காதீர்கள். அவள் கேட்டது உங்களை.